கழன்று விழுந்த முன்சக்கரம்

காலை 7.50.

பாறைக்குக் கீழே கிடந்தவனுக்கு வயது இருபத்து மூன்று. தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தான். கழுத்துக்கு மட்டும் காப்பு எதுவும் கிடையாது. உடைந்தது அதுதான்.

மூன்றடி தள்ளி அவனுடைய மலைச் சைக்கிள் கிடந்தது. முன்சக்கரம் தனியாகக் கிடந்தது, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பாதியோடு. முன்பக்க ஃபோர்க்கில் மேலே வழவழப்பான இரண்டு கால்கள் உண்டு. அவற்றின் மேல் ஏறி இறங்கி அதிர்வைத் தாங்குபவை கீழ்க்குழாய்கள். குழாயையும் காலையும் பிரியாமல் பிடித்து வைப்பவை அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகள். அந்த இரண்டையும் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா 8.40க்கு வந்து சேர்ந்தார். சைக்கிளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கு இரண்டு சக்கரம் என்பது வரைக்கும்தான். இங்கே அதிலும் ஒன்று பிரிந்து கிடந்தது. தெரியாததை ஒப்புக்கொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது. அதனால்தான் அவரிடம் பொய் சொன்னவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொண்டார்கள்.

கான்ஸ்டபிளைப் பல கோணங்களில் படம் எடுக்கச் சொன்னார். பிறகு குனிந்து செயினைத் தொட்டார். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. மண் ஒட்டவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.

நடந்ததைப் பார்த்தவர் ஒரே ஆள்தான். பையனுக்குப் பயிற்சி கொடுத்த கோச். அவன் அக்காவின் புருஷனும்கூட.

"நீங்க எங்க நின்னீங்க?"

"இந்தப் பாறை பக்கத்துலதான் மேடம். அவனை உச்சியில இறக்கி விட்டுட்டு, வேனை இங்க கொண்டு வந்து நிறுத்தினேன்."

"உச்சியிலேருந்து இங்க எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர். பூரா கல்லும் வேரும் புழுதியும்தான்."

"அவ்வளவு தூரமும் ஓட்டிக்கிட்டு வந்தானா?"

"நல்லாத்தான் வந்தான். பாறையிலேருந்து தாவினப்ப, அந்தரத்துல சக்கரம் கழண்டுடுச்சு. கண்ணால பார்த்தேன் மேடம்."

"சைக்கிளை சர்வீஸ் பண்ணது யாரு?"

"என் பெரிய மச்சினன். இவனோட அண்ணன். அவனைத் திட்டாதீங்க மேடம். வேணும்னா செய்வான்?"

நல்ல மனுஷன் என்று கான்ஸ்டபிள் நினைத்துக்கொண்டார்.

காலை 11.30.

இறந்தவனின் அண்ணன் மெக்கானிக். அவன் பட்டறை சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பானருக்கும் சுவரில் ஓர் ஆணி இருந்தது. மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு வெள்ளைத்தாள். நாலு வரி எழுதியிருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நான்தான் கொன்னேன் மேடம். எழுதிட்டேன்."

"போல்ட்டை முடுக்கலையா?"

"ஞாபகம் இல்ல."

"எப்படி ஞாபகம் இல்லாம போகும்?"

"ஆயிரம் தடவை செஞ்ச வேலை மேடம். கை செய்யும். மனசுல பதியாது." மேஜையில் கிடந்த சிவப்புப் பெயின்ட் பேனாவைக் காட்டினான். "முடுக்கி முடிச்சதும் போல்ட்டு மேலயும் குழாய் மேலயும் சேர்த்து ஒரு கோடு இழுப்பேன். போல்ட்டு அசைஞ்சா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். குழாய்ல கோடு இருந்துச்சா?"

"இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு சொல்லில் அவன் கதை முடிந்துவிட்டது.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. நேராகப் போய்த் தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"கை தவறிடுச்சுடா. யாருக்கும் தவறும். நான் மன்னிச்சிட்டேன். எனக்குத் தம்பின்னு இருக்கிறது இனி நீ ஒருத்தன்தான், நீயும் ஜெயிலுக்குப் போயிடாத."

"மன்னிக்காதக்கா," என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கையெழுத்துக் கேட்கவில்லை.

மதியம் 2.15.

ஸ்டேஷன் பின்னறையில் சைக்கிளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மெக்கானிக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அதை அவனால் பார்க்க முடியவில்லை.

"பார்க்க வேண்டாம். கேக்குறதுக்குப் பதில் சொன்னா போதும். மேல் கால்ல நம்பர் அச்சடிச்சிருக்கே, என்னது?"

"ஆள் ஏறி உட்கார்ந்தா எவ்வளவு அமுங்குதுன்னு பார்க்கறதுக்கு. நூத்துக்கு இருபத்தஞ்சு அமுங்கணும். நேத்து சாயங்காலம் தம்பியை உட்கார வெச்சு, அவன் எடைக்கு ஏத்த மாதிரி ஃபோர்க்குல காத்து வெச்சேன்."

"அந்தக் கால்ல ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கு."

"ஃபோர்க் அமுங்கினா குழாய் அதை மேல தள்ளும். நிமிர்ந்தாலும் வளையம் இறங்காது, தள்ளின இடத்துலயே நிக்கும். ஓட்டி முடிச்சதும் எல்லாரும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க."

"கல்லும் வேருமா இருந்தா எதுல நிக்கும்?"

"எண்பது. தொண்ணூறு."

இன்ஸ்பெக்டர் வளையத்தைப் பார்த்தார். அது இருபத்தைந்தில் நின்றது. அவர் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை.

"நேத்து தம்பி என்ன பேசினான்?"

"அத்தான் குடுக்கிற மாத்திரையை இனித் தொட மாட்டேன், போட்டிக் கமிட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்னான். என்ன மாத்திரைன்னுகூட நான் கேக்கல மேடம். செயின் மாத்திக்கிட்டு இருந்தேன். ம்ம், ம்ம்னு சொல்லிட்டு விட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் வெளியே போய்க் கான்ஸ்டபிளிடம் கோச்சின் வேனைச் சோதனை போடச் சொன்னார்.

மாலை 5.00.

பட்டறையில் கோச், அக்கா, மெக்கானிக் மூவரும் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இந்தச் சைக்கிளை இன்னைக்கு யாரும் ஓட்டவே இல்ல."

கோச் நிமிர்ந்தார். "நான் கண்ணால பார்த்தேன் மேடம்."

"ரெண்டு கிலோமீட்டர் கல்லுல குதிச்சு வந்த ஃபோர்க்கோட வளையம், நேத்து உட்கார வெச்சப்ப நின்ன அதே இருபத்தஞ்சுல நிக்குது. புழுதியில ஓடின செயின்ல ஒரு பொட்டு மண் இல்ல."

"யார் கையாவது பட்டு வளையம் நகர்ந்திருக்கும்."

"8.45க்கு எடுத்த படத்துலயும் இருபத்தஞ்சுதான். எங்க ஆளுங்க யாரும் ஃபோர்க்கைத் தொடுறதுக்கு முன்னாடி எடுத்தது." இன்ஸ்பெக்டர் ஒரு கவரை மேஜை மேல் கவிழ்த்தார். இரண்டு போல்ட்டுகள் விழுந்தன, கூடவே ஓர் அழுக்குத் துணி. போல்ட்டின் தலையில் பாதிக் கோடு சிவப்பாக இருந்தது. துணியிலும் அதே சிவப்பு. "உங்க வேன் டூல் பெட்டியில இருந்துச்சு. போல்ட்டைக் கழட்டினீங்க. குழாய்ல இருந்த கோட்டைத் துடைச்சீங்க. பழி இவர் மேல விழணும்னு."

பயிற்சி முடிந்ததும் பையன்களை வரிசையில் நிறுத்தி, வளையத்தைப் பார் என்று தினமும் கத்துகிறவர் கோச்தான். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் ஓட்டி முடித்த பிறகு பார்ப்பதுதான் பழக்கம். அன்று யாரும் ஓட்டவில்லை. அதனால் பார்க்கவும் தோன்றவில்லை.

கோச் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளணும்னு போகல. எந்தப் பக்கமா இறங்கலாம்னு பாறை நுனியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். ஊக்க மாத்திரை விஷயத்தை நாளைக்கே கமிட்டியில சொல்லிடுவேன் அத்தான்னான். கெஞ்சினேன். கேக்கல. ஒரு நிமிஷம்... ஒரே நிமிஷம் மேடம்."

"போல்ட்டைக் கழட்ட எத்தனை நிமிஷம் ஆச்சு?"

கான்ஸ்டபிள் அவரைத் தூக்கி நிறுத்தி வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். காலையிலிருந்து கொலைகாரக் கைகள். இப்போது வேலையை ஒழுங்காகச் செய்த கைகள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாத்திரை என்று தம்பி வாயைத் திறந்தபோது, தான் அந்தச் செயினைக் கீழே வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்த்திருந்தால் என்று ஓர் எண்ணம் வந்தது. அது இனி அவனை விட்டுப் போகப் போவதில்லை.

"அக்கா," என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அவள் வாசலைப் பார்த்தபடி நின்றாள். ஒரே நாளில் தம்பியும் போனான், புருஷனும் போனான். வீட்டில் இரண்டு பெண்குழந்தைகள் அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தன. திரும்பியபோது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டாள்.

"தவறினது உன் கையாவே இருந்திருக்கக் கூடாதாடா?"

இன்ஸ்பெக்டர் போல்ட்டுகளை எடுத்துக் கவருக்குள் போட்டார்.

"இருந்திருக்கலாம்க்கா," என்றான் மெக்கானிக். அவளுக்காகச் சொன்ன சமாதானம் இல்லை அது. மனதார அப்படித்தான் நினைத்தான்.