ஒன்றும் போடாத பாத்தி

ஊரிகம் என்ற சுரங்க ஊரில் கங்காதரன் குடும்பத்தைப் பார்த்து யாரும் சிரித்தது கிடையாது. தாத்தா காலத்தில் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பம். இப்போது பஜாரில் மளிகைக் கடை. கடையில் கல் கலந்த அரிசி கிடையாது. வீட்டில் தலை குனிந்த ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட குடும்பத்தைப் பார்த்து ஒரு பஸ்ஸே சிரித்தது.

பூதிகோட்டை போகும் வழியில் கங்காதரனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. இந்த வருடம் ஓர் ஆராய்ச்சி நிலையம் அதில் கேழ்வரகு விதைத்திருந்தது. நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, வெவ்வேறு உரங்களைப் போட்டுப் பார்த்தார்கள். எந்த உரத்துக்கு எவ்வளவு விளைகிறது என்று பார்க்க வேண்டும். வாரா வாரம் வந்து செடிகளின் உயரத்தை அளக்கும் வயல் டெக்னீஷியன் வேறு யாருமில்லை. கங்காதரனின் தங்கை சுந்தரிதான்.

எல்லாப் பாத்தியும் பச்சைப் பசேல் என்று நின்றது. ரோட்டோரத்துப் பாத்தி ஒன்று மட்டும் சவலைப் பிள்ளை போல வெளுத்துப்போய், முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

கங்காதரன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வாசுவுக்குக் கொண்டாட்டம்.

"இன்னா மொதலாளி, ஒங்க ராகிக்கு ஜுரமா? டாக்டருகிட்ட காட்டினீங்களா?"

பஸ் முழுவதும் சிரிக்கும். கங்காதரன் முதுகை நிமிர்த்தி, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அங்கேயும் அந்தப் பாத்திதான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டரை எடுத்தார். சுந்தரியின் மகள் ரோஜா ஓடி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாமாவின் காலருகே ஒரு பை இருந்தது.

"மாமா, பையில இன்னா?"

"யூரியா."

"எதுக்கு?"

"உங்கம்மா மானத்தைக் காப்பாத்தறதுக்கு. மாசக் கடைசியில பெரிய ஆபீசருங்க வராங்க. அந்த நோஞ்சான் பாத்தியைப் பார்த்தா சுந்தரி வேலையே செய்யலன்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள தேத்திடணும்."

ஸ்கூட்டர் நின்றதும் ரோஜா குதித்து ஓடினாள். வெளுத்த பாத்தியின் வரப்பில் ஏறி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு ஒண்ணும் போடக் கூடாது மாமா. அம்மா வேணும்னுதான் இப்படி விட்டிருக்காங்க."

"எந்தப் பைத்தியம் வேணும்னே பயிரைப் பட்டினி போடும்?"

"எங்கம்மா."

மாமா பையைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு வந்தார்.

"நகரு."

"மாட்டேன்."

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

"மரியாதையாத்தான் பேசறேன் மாமா. வழி மட்டும் விட மாட்டேன்."

மாமா இடது பக்கமாகச் சுற்றினார். ரோஜா வரப்பின் மேலேயே இடது பக்கம் ஓடினாள். மாமா வலது பக்கம் வந்தார். அங்கேயும் ரோஜா நின்றாள். பையோ கனம். மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு பிடி போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். நான் அம்மாகிட்ட சொல்லுவேன். அம்மா ஆபீஸ்ல சொல்லுவாங்க. அப்புறம் அம்மா இத்தனை மாசம் வெயில்ல நின்னு அளந்ததெல்லாம் வீண்."

"சொந்த அண்ணன் கெடுத்துட்டான்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லுவாளா?"

"சொல்லுவாங்க. நம்ம வீட்டு ஆளாச்சே, பொய் சொல்லுவாங்களா?"

மாமா பையைக் கீழே வைத்தார். ஆனால் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. ரோஜா கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, கடையில பருப்பு நிறுக்கறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க?"

"மெஷின்ல சைபர் காட்டுதான்னு பார்ப்பேன். வாங்க வந்தவங்களுக்கும் காட்டுவேன்."

"வெறும் சைபர் பார்க்க நல்லா இல்லன்னு, யாராச்சும் அதுல அம்பது கிராம் ஏத்தி வெச்சுட்டா?"

"என் கடையிலயா? கையை ஒடிச்சுடுவேன்."

"இந்தப் பாத்திதான் அம்மாவோட சைபர். மத்ததெல்லாம் உரத்தால எவ்ளோ வளந்துச்சுன்னு இதை வெச்சுத்தான் பார்ப்பாங்க."

மாமா குனிந்து ஒரு வெளுத்த செடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார்.

"சரி. ஆனா அந்த வாசு சிரிக்கறானே. அவனுக்கு இன்னா பதில்?"

"அவருக்கு யாருமே விஷயத்தைச் சொல்லல மாமா. நாம சொல்லிடலாம்."

அன்று சாயங்காலம் கடையின் பழைய பலகை ஒன்று வாசலுக்கு வந்தது. ரோஜா தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்தப் பாத்திக்கு உரம் போடவில்லை. வேண்டுமென்றே.'

மாமா பிரஷ்ஷை வாங்கி, கீழே தானும் ஒரு வரி சேர்த்தார்: 'சிரிக்கிறவர்கள் இறங்கி வந்து கேட்கவும். இப்படிக்கு, கங்காதரன்.'

இருட்டுவதற்குள் ஸ்கூட்டரில் போய் அதை வரப்பில் நட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலையில் சுந்தரி அளவுகோலோடு வயலுக்கு வந்தாள். மாமாவும் ரோஜாவும் அவளுக்கு முன்னாலேயே வந்து பலகைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். சுந்தரி அதை ஒரு முறை படித்தாள். கடைசி வரியை மறுபடியும் படித்தாள்.

"நல்லா இருக்கா?" என்று மாமா விறைப்பாகக் கேட்டார்.

"நல்லா இருக்குண்ணா. ஆனா இதோட நிழல் என் செடிங்க மேல விழுது. இங்க இருக்கக் கூடாது."

ரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா பலகையைப் பிடுங்கினார். பாத்தியை விட்டுத் தள்ளி, பஸ் ஜன்னலுக்கு இன்னும் கிட்டத்தில், ஆழமாகக் குழி தோண்டி நட்டார்.