கருமாதியன்று வந்தவர்

தொட்டிலருகே நின்றவர் தன் புருசன்தானா என்று உண்ணாமலைக்குத் தெரியவில்லை. மழித்த தலை, மீசையில்லாத வாய், இடுப்பில் புதுக் கோடி வேட்டி. வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. அவர் காலடியில் தரை மட்டும் காய்ந்தே கிடந்தது.

அவளுக்கு யார் முகமும் மனதில் நிற்காது. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, சிமினி வெளிச்சத்திலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். முகம் மட்டும் பார்த்த கணமே நழுவிவிடும். "சொந்த மாமனையே தெரியாதவ மாதிரிப் போறா பாரு, திமிரு புடிச்ச கழுதை!" என்று பெற்ற தாயிடமே திட்டு வாங்கியவள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருசம் குடுமியான்மலைக்கு வாக்கப்பட்டு வந்தாள். இதைப் பற்றி இங்கே ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் வாழவெட்டியாகத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். குரல், நடை, வளையல் சத்தம் என்று எதையாவது வைத்து ஆளைப் பிடித்து ஓட்டிவிட்டாள். புருசன் ஆண்டியப்பனுக்கு முறுக்கு மீசை. அது ஒன்றே போதுமாயிருந்தது.

இன்று அந்த மீசையும் போயிருக்கும். மாமனாருக்குக் கருமாதி. விடியுமுன்பே மகன்களும் பங்காளிகளும் மொட்டை போட்டுக்கொள்ளக் கண்மாய்க்குப் போயிருந்தார்கள்.

கட்டின புருசனிடமே யாரென்று கேட்கவா முடியும்? வாயைக் கிளறிப் பார்த்தாள்.

"காப்பித்தண்ணி வைக்கட்டுங்களா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். முழுகி வந்தவர் மேல் சந்தனமோ கண்மாய்ப் பாசியோ மணக்க வேண்டும். இவர் மேல் வறட்டி தீய்ந்த வாடை. கொல்லையில் பந்திக்கு மூட்டிய அடுப்புப் புகைதான் ஓட்டிடுக்கு வழியே இறங்கி, ஈரச் சுவரில் தங்கி, இந்த மனுசன் மேலும் ஒட்டியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இந்த மாதிரி நேரத்தில் பிள்ளைதான் அவளுக்குத் துணை. வேற்றாளைக் கண்டால் ராசு வீறிட்டு அழுவான். தாத்தா செத்ததிலிருந்து யாரிடமும் போகாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தவன், இப்போது தொட்டிலை விட்டு எம்பினான். கிளுகிளுவென்று சிரித்தான். இரண்டு கையையும் நீட்டினான்.

அப்பாடா, வீட்டாள்தான். தூக்கிக் கொடுத்தாள். அவர் கை பட்டது. ஐஸ் கட்டி. பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.

சற்றுக்கெல்லாம் மொட்டைத் தலைகள் கூட்டமாக வாசலுக்கு வந்தன. முன்னால் வந்தவர் பேசினார். ஆண்டியப்பன் குரல்.

"ஏ புள்ள, ராசு எங்க? தூங்குறானா?"

"நீங்கதானே இப்பத் தூக்கிட்டுப் போனீங்க!"

"நானா? நான் இப்பத்தானே வாரேன்."

ஐயோ! கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

"அங்கிட்டு! அந்தா போறாரு, புடிங்க!"

சுடுகாட்டுப் பாதை. வெள்ளை வேட்டி. அவள் கத்தலுக்கு நின்றது. மெல்லத் திரும்பியது.

எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர்கூட ஓடவில்லை.

"யாருங்க அது? சொல்லுங்களேன்! யாரு?"

கொழுந்தன் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. ஆண்டியப்பன் மண்ணில் மண்டியிட்டான். கை கூப்பினான்.

"அப்பா... புள்ளைய விட்டுருங்கப்பா."

உண்ணாமலை மட்டும் ஓடினாள். முள் குத்தியது. ஓடினாள். வெள்ளை வேட்டி மறுபடி நடந்தது. ராசுவின் தலை அந்தத் தோளில் சாய்ந்திருந்தது. சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது. சின்னக் கால்கள் இரண்டும், அவர் நடந்த நடைக்குக்கூட ஆடாமல், விறைத்துத் தொங்கின.