ஐந்தாவது எலுமிச்சை

ரெம்பாவ் தாண்டி, தார் ரோடு முடிந்து செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் புவனேஸ்வரன் பிக்கப்பை நிறுத்தினான். இறங்கி, நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தான்.

"ஸ்பேருக்கு?" என்றாள் விமலா. ஏழு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். "எங்கப்பா தோட்டத்து லாரி ஓட்டினவரு. ஸ்பேருக்கும் ஒரு பழம் வச்சிட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. வண்டிக்கு சக்கரம் அஞ்சுங்க."

"அது பாட்டுக்கு அடியில மல்லாந்து கெடக்குது லா. அதுக்கு எதுக்குப் பழம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். தனக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

ஒன்பது வருஷம் ஏங்கி உண்டான பிள்ளை. விமலாவின் தாய் மங்கம்மா ஒரு நேர்த்திக்கடன் போட்டிருந்தாள். பிள்ளை தங்கினால் ஏழாம் மாசத்தில் மகளே நேரில் போய், ஏழு தோட்டத்து முனியாண்டிக்கும் சூடம் காட்டுவாள் என்று. பழைய ரப்பர் தோட்டங்களில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான், சனமே இல்லை. சாமிகளைச் செம்பனைக் காட்டுக்குள் விட்டுவிட்டு எல்லாரும் டவுனுக்குக் குடி போய்விட்டார்கள். அந்தச் சேற்றில் கார் போகாது. அதனால்தான் புவனேஸ்வரன் இந்தப் பழைய ஃபோர்வீல் பிக்கப்பை வாங்கினான். ரெம்பாவிலிருந்து சுவா வரை, காட்டுப் பாதையிலேயே மூன்று நாள் பயணம்.

வாங்கும்போது ஸ்பேர் டயர் இல்லை. வண்டிகளை வெட்டி விற்கும் கடையில் ஒன்று தேடி எடுத்தான்.

"ஆக்சிடன் ஆன வண்டியோட டயரு, தம்பி," என்றார் கடைக்காரர். "தோட்டத்துப் பொம்பள ஒண்ணு அடியில மாட்டிப் போய்ச் சேந்துருச்சு. நெறமாசமாம், பாவம். ஆனா டயருக்கு ஒண்ணும் இல்ல."

டயரின் பள்ளத்தில் மஞ்சள் சேலைக் கிழிசல் ஒன்று சிக்கியிருந்தது. புவனேஸ்வரன் அதை நோண்டி எறிந்தான். விமலாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் வேறு டயர் வாங்கச் சொல்லுவாள், யார் மறுபடி அலைவது?

இரண்டு நாளில் ஐந்து கோயில் முடிந்தது. ஒவ்வொரு கோயிலிலும் நாலு பழம், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. எண்ணித்தான் வாங்கி வந்திருந்தான். மூன்றாம் நாள் காலை ஆறாவது கோயிலும் ஆனது. அங்கிருந்து கிளம்பும்போதே மிச்சமிருந்த கடைசி நாலு பழத்தையும் சக்கரத்துக்கு வைத்துவிட்டான். ஏழாவது சுவா பக்கம்தானே, தார் ரோடே வந்துவிடும் என்ற தைரியம்.

போகிற வழியில் விமலா அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"பாருங்க, உள்ள விக்கல் எடுக்குது."

டொக்... டொக்... டொக். தோலுக்கு அடியில் சின்னதாக, ஒரே சீராக. புவனேஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியை மெதுவாக்கினான். விமலா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். விக்கல் நின்றது.

"நான் தண்ணி குடிச்சாத்தான் நிக்கும்," என்றாள் பெருமையாக.

மத்தியானம் இரண்டு மணிக்கு, பின்பக்க இடது சக்கரம் வெடித்தது.

ஸ்பேரை இறக்கினான். மூன்று நாளாக ஒரு சொட்டு மழை இல்லை, பாதைச் சேறே பாதி காய்ந்திருந்தது, ஆனாலும் டயர் ஈரமாக இருந்தது. மஞ்சளும் பச்சை ரத்தமும் கலந்த வாடை. பிரசவம் பார்த்த அறையில் அடிக்குமே, அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினான், வெடித்ததைப் பின்தட்டில் தூக்கிப் போட்டான், கையைப் புல்லில் தேய்த்துத் துடைத்தான், வண்டியை எடுத்தான்.

பத்து நிமிஷத்தில், வலது பக்கம் இடிந்த பால் கொட்டகை ஒன்று வந்தது. ரப்பர்ப் பால் சேர்த்த காலத்துக் கட்டடம், கூரை போயிருந்தது.

இன்னும் பத்து நிமிஷம். வலது பக்கம் அதே கொட்டகை.

பாதை எங்கேயும் திரும்பவில்லை, நேராகத்தான் போனது. மூன்றாவது முறையும் அதே கொட்டகை வந்தபோது விமலா ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். செம்பனைக்கு அடியில் வெளிச்சம் பச்சையாகச் செத்துக் கிடந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

எஞ்சின் தானாக நின்றது.

புவனேஸ்வரன் இறங்கிப் பார்த்தான். சேற்றில் அவனுடைய டயர்த் தடங்கள். பின்பக்க இடது சக்கரத்தின் தடத்தை ஒட்டி வெறுங்கால் தடம் ஒன்று வந்திருந்தது. பாரம் சுமந்து நடக்கிறவளின் தடம். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது.

அது சக்கரத்தண்டை வந்து நின்றிருந்தது.

"எனக்கு?"

காதோரம் கேட்கவில்லை. டயருக்குள்ளிருந்து கேட்டது. கோபமில்லாத, களைத்துப்போன பெண் குரல்.

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே விமலாவுக்கும் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது.

"அந்த டயர எங்க வாங்குனீங்க?"

இனி மறைத்து என்ன? எல்லாம் சொன்னான், சேலைக் கிழிசல் வரைக்கும். விமலா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒன்பது வருஷம் வாழ்ந்த புருஷனாகவே இல்லை.

"நெறமாசக்காரி போன டயர எம் புள்ளைக்குக் கீழ கட்டிக்கிட்டு வந்தீங்களா?"

"விமலா..."

"பழம் இருக்கா?"

இல்லை.

"கால்ல விழுங்க. கேளுங்க, போங்க!"

"எனக்கு?" என்றது மறுபடி. இந்த முறை பக்கத்தில்.

புவனேஸ்வரன் சேற்றில் முட்டி போட்டான். டயரைப் பார்த்துக் கும்பிட்டான். தப்பித்தால் போதும் என்பதைத் தவிர அந்த மண்டைக்குள் வேறொன்றும் இல்லை.

"ஆத்தா, எங்க ரெண்டு பேரையும் விட்டுடு. வேற எது வேணும்னாலும் எடுத்துக்க."

காடு கொஞ்ச நேரம் யோசித்தது.

"சரி."

எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவன் ஏறி உட்கார்ந்து மிதித்தான். கொட்டகை வரவே இல்லை. இரண்டே நிமிஷத்தில் செம்பனை விலகி, வெயிலும் தார் ரோடும் வந்தன. பழம் விற்கிறவன் குடை, மோட்டார் சத்தம், மனிதர்கள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியா விமலா! ஒண்ணும் ஆகல, ரெண்டு பேரும் தப்பிச்சிட்டோம்!"

விமலா ரோட்டைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றில் அழுத்தி வைத்திருந்தாள்.

"நாம எத்தனை பேருன்னு அவகிட்ட சொன்னீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு அதைத் துடைத்து வைத்துவிட்டு நாற்காலியை விமலாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விமலா இப்போது லோபாக்கில் தாய் வீட்டில் இருக்கிறாள். அவன் போனால் கதவு திறப்பதில்லை. அந்த டயரை அவன் அன்றைக்கே கழற்றிக் கொளுத்திவிட்டு, சக்கரத்துக்குப் புது டயர் போட்டான். வண்டியையும் விற்றுத் தொலைக்கத்தான் பார்க்கிறான். பார்க்க வருகிறவர்கள் அடியில் குனிந்து பார்த்ததும், வேலை இருக்கிறதென்று போய்விடுகிறார்கள்.

பிள்ளை போன நாற்பத்தோராம் நாள் காலை, அப்படி என்னதான் இருக்கிறது என்று அவனே அடியில் படுத்துப் பார்த்தான். ஸ்பேர் தொங்கிய இடத்தில் வெறும் சங்கிலி.

கையை நீட்டி அந்த வெற்றிடத்தைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

டொக்... டொக்... டொக்.

உள்ளங்கைக்கு அடியில், சின்னதாக, ஒரே சீராக.

கையை எடுக்க வரவில்லை. அவன் மூச்சடக்கிப் படுத்திருக்க, முகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு வாய் தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது.

விக்கல் நின்றது.