கும்போவின் கட்டைவிரல்

வியாழன் காலை டெம்வா ஆய்வுக்கூடத்துக்குள் வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மிசிஸ்காவின் மேசைமேல் வைத்தான். மேசை அதிர்ந்தது.

தாளைப் பிரித்தான். அரை அடிக் கான்கிரீட் கட்டி. வெளிர் சாம்பல் நிறம். மேல் முகத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல் தடம். அதன் குறுக்கே தழும்பு.

உதவியாளர் லுசுங்கு தின்றுகொண்டிருந்த மண்டாசிப் பணியாரத்தைக் கீழே வைத்தாள். சிவில் மாணவர் சங்கத்தில் அந்தத் தடத்தைத் தெரியாதவர் இல்லை. கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வார்க்கும் கட்டியில் மற்றவர்கள் எண் எழுதுவார்கள். கும்போ ஈரக் கான்கிரீட்டில் விரலை அழுத்துவான். கைநாட்டு இன்ஜினியர் என்று கேலி செய்வார்கள். பிப்ரவரி வெள்ளம் அவனைக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது.

டெம்வா சங்கத் தலைவன். திங்கட்கிழமையும் இப்படி ஒன்று, கட்டிகளை ஊறவைக்கும் தொட்டியின் அடியில் கிடந்ததாம். பயந்துபோன பையன்கள் சுத்தியலால் உடைத்துக் கொல்லையில் புதைத்துவிட்டார்கள். இன்று இது. சங்கம் கட்டிய நடைபாலத்தைச் சனிக்கிழமை திறக்கிறார்கள். அக்கரையில் பள்ளிக்கூடம். எண்பது பிள்ளைகள் தினமும் அதன்மேல் நடப்பார்கள்.

"இப்பத்தான் தொட்டியிலேருந்து எடுத்தேன் சார். செத்தவன் எதையோ சொல்றான்னு பசங்க பேசிக்கிறாங்க. நீங்கதான் பாக்கணும்."

மிசிஸ்கா இருபது வருடமாக அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். கட்டியைத் தொட்டார். பிறகு செய்தித்தாளைத் தொட்டார். நான்கு மணிக்கு வரச்சொல்லி அவனை அனுப்பினார்.

"முதல் வருஷப் பசங்க வேலை சார். வேற எவனோட விரலையோ அழுத்தியிருப்பாங்க," என்றாள் லுசுங்கு.

"தழும்பையுமா?"

"அப்ப அவனேதான்."

"அவனேதான். உசிரோட இருந்தப்போ. காஞ்ச கான்கிரீட்ல எந்தப் பேயும் விரல அழுத்த முடியாது."

புதைத்த துண்டுகளைத் தோண்டி எடுத்துவர அவளை அனுப்பினார். அவர் வாசலுக்குப் போனார். சோதனையில் நொறுங்கிய கட்டிகளைப் பூப்பாத்திக்கு வரப்பாக அடுக்குவது அங்கே வழக்கம். பிப்ரவரியில் பாலத்தின் பெயரில் சோதித்த கட்டியை எண் பார்த்துத் தேடி எடுத்தார். பிறகு சங்கத்தின் அறிவிப்புப் பலகைமுன் நின்றார். கறுப்பு நாடா கட்டிய படத்தில் கும்போ சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் பாலத்துக்கான கல் குவியல். ஆற்றுக் கூழாங்கல்.

பழைய சோதனைத்தாள் ஒன்றையும் எடுத்துவைத்தார்.

நான்கு மணிக்கு டெம்வா வந்தான். மேசையில் இரண்டு துண்டுகள் இருந்தன.

"இது புதைச்சது. உள்ளே கூழாங்கல். இது பிப்ரவரியில நான் நொறுக்கினது. உடைச்ச ஜல்லி. பாலம் எதுல கட்டினது?"

டெம்வா கூழாங்கல் துண்டைத் தொட்டான்.

"அன்னைக்கே இந்த ஜல்லியப் பாத்தேன். கேக்கல. அது என் தப்பு." மிசிஸ்கா பிப்ரவரிச் சோதனைத்தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் டெம்வாவின் பெயரும் கையெழுத்தும் இருந்தன. "காலையில ஒண்ணு சொன்ன. தொட்டியிலேருந்து இப்பத்தான் எடுத்தேன்னு. ஊறின கட்டி கறுத்திருக்கும். ஒரு நாளாவது ஆகும் வெளுக்க. இது காஞ்சிருக்கு. பேப்பர்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. விரல் குழியில செம்மண். ஆத்து மண்."

லுசுங்கு மெல்லச் சொன்னாள். "பேயா இருந்தா நனைச்சுக் கொண்டாந்திருக்கும்."

டெம்வா உட்கார்ந்தான். சொன்னான்.

பாலத்தடியில் தொட்டி இல்லை. கும்போ மூன்று கட்டிகளையும் சாக்கில் கட்டி ஆற்றிலேயே ஊறவைத்திருந்தான். வார்த்த இருபத்தெட்டாம் நாள் எடுத்துவந்து சோதிக்க வேண்டும். எடுக்கப் போக வேண்டியவன் டெம்வா. அன்று மழை. கட்டிலில் படுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"இருபத்தெட்டுன்னா இருபத்தெட்டுடா, இருபத்தொம்பது இல்லன்னான் கும்போ. என் குடைய எடுத்துட்டுப் போனான்."

அடக்கம் முடிந்த மறுநாள், சங்கப் போட்டிக்கு வார்த்த கட்டிகளில் மூன்றைப் பாலத்தின் கட்டிகள் என்று கொண்டுவந்து கொடுத்தான். இல்லாவிட்டால், யார் போக வேண்டியவன் என்று கேட்பார்கள். போன வாரம் ஆறு வற்றியது. சேற்றுக்குள் சாக்கு அப்படியே இருந்தது.

"சொல்ல வாய் வரல சார். ஒண்ணத் தொட்டியில போட்டேன். யாராவது கேப்பாங்கன்னு. உடைச்சுப் புதைச்சுட்டாங்க."

"மூணாவது?"

"கட்டிலுக்கு அடியில. தூங்கி ஏழு நாளாச்சு."

"கொண்டா. பாலம் தாங்குமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

கொண்டுவந்தான். நாளாக ஆகக் கான்கிரீட் இறுகும்; அதனால் நசுக்கும் இயந்திரத்தின் முள் ஐந்நூற்றைம்பது கிலோநியூட்டனைத் தாண்ட வேண்டும் என்றார் மிசிஸ்கா. காலையில் வந்தது அறுநூற்றுப் பத்தில் நொறுங்கியது. மீதி ஒன்று. டெம்வா அதைக் கையிலிருந்து விடவில்லை.

"இத விட்டுடலாமே சார். அவனோடது வேற எதுவும் இல்ல."

"எண்பது பிள்ளைங்க, டெம்வா."

வார்த்தபோது மேலே இருந்த முகத்தைப் பக்கவாட்டில் திருப்பித்தான் கட்டியை இயந்திரத்தில் வைப்பார்கள். அதனால் கட்டைவிரல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. முள் ஏறியது. நானூறு. ஐந்நூறு. மூவரும் விரலையே பார்த்தார்கள். ஐந்நூற்றைம்பது. அறுநூறு. தழும்பை ஒட்டி மயிரிழையாய் ஒரு கோடு ஓடியது. அறுநூற்று நாற்பதில் சத்தம்.

"தாங்கும்," என்றார் மிசிஸ்கா.

லுசுங்கு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்க முகம் மட்டும் பலகையாய்ப் பெயர்ந்து தட்டில் விழுந்திருந்தது. விரல் தடம் உடையவில்லை.

மிசிஸ்கா புதிய தாளை நீட்டினார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் டெம்வா கும்போவின் பெயரை எழுதினான். கையெழுத்துக்கான இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஜன்னல் வழியே காற்று வந்து தாளைத் தூக்கியது.

அவன் தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, அந்த இடத்தின்மேல் வைத்தான்.