பச்சைத் தண்ணீர்

அட்டை கடித்தது நிஷாந்திக்குத் தெரியவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை விலக்கிப் பார்த்தபோதுதான் அது கெண்டைக்காலில் இரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்குவதைக் கண்டாள். பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தை அழுத்திக் கிள்ளினாள். நகம் பதிந்தது. வலி மட்டும் வரவில்லை.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை மலையில் மூடுபனி மதியத்திலேயே இறங்கி, அடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்களைக்கூட மறைத்திருந்தது. பனிக்குள் எங்கோ கோழிகள் ஓயாமல் கேறின. காற்று திரும்பும் போதெல்லாம் நனைந்த கோழிப்பீயின் நாற்றம் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமியின் கோழிக்கூடு அது. தொழிலாளர் குடியிருந்த லயத்தின் குடிதண்ணீர்ப் பீலிக்கு வரும் ஓடையின் தலைமாட்டில், கேட்க ஆளில்லை என்ற திமிரில் கட்டியிருந்தான். கூடு கழுவிய அழுக்கெல்லாம் இவர்கள் குடத்தில்தான் வந்து விழுந்தது.

போன வாரம் அவளுக்குச் சீதமும் இரத்தமுமாக வயிற்றால் போனது. "சுருள் சுருளா ஒரு கிருமிம்மா," என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "கோழி குடல்ல இருக்கும், மனுசனுக்கும் வரும். தண்ணிய காய்ச்சாம குடிக்காதீங்க. சில பேருக்கு வயிறு நின்ன பொறகு கால் மரத்துப்போகும். அப்படின்னா ஒடனே ஓடி வாங்க. மூச்சு வரைக்கும் ஏறிடும்."

அன்றிலிருந்து மகள் ஷாமிலாவின் வாயில் பச்சைத் தண்ணீர் படவிடாமல் காத்துவந்தாள்.

இப்போது தடுமாறியபடி செல்லசாமியிடம் போனாள். "ஐயா, கால் செத்துப்போச்சுங்க. லொறிய குடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"கூடை பாதிகூட நெறையல. நடிக்காத."

"ஒங்க கோழிக்கூட்டுத் தண்ணியாலதாங்க இது!"

அவன் முகம் சட்டென்று இறுகியது. அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஓர் எட்டு வைத்தாள். முழங்கால் மடிந்து, செடிகளுக்குள் விழுந்தாள்.

அவன் மற்றப் பெண்களிடம் நிதானமாகச் சொன்னான்: "முனி அடிச்சிருக்கு. லொறி எதுக்கு? தூக்கிட்டுப் போயி பூசாரிய கூப்புடுங்க."

பாவி. தெரிந்தே சொன்னான்.

"முனி இல்லடி, ஆஸ்பத்திரி..." என்று நிஷாந்தி கத்தினாள். காலையிலிருந்தே தடித்துக்கிடந்த நாக்கு குழறியது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் முனி என்று அவர்கள் நம்பினார்கள்.

விடிந்தபோது கைகளும் போயிருந்தன. லயத்துக் காம்பரா அறையில் பாயோடு பாயாகக் கிடந்தாள். தகரக் கூரையில் பனி சொட்டியது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. இமையை மூட முடியவில்லை. நெஞ்சு ஏறி இறங்க மறுத்தது. அரை மூச்சு. பிறகு கால் மூச்சு.

பூசாரி சொம்போடு வந்தார். பீலியில் பிடித்த தண்ணீர். அதில் மஞ்சள்.

"காய்ச்சுன தண்ணி தீர்த்தத்துக்கு ஆகாது," என்று அவள் வாயில் ஊற்றினார். கடைவாய் வழியே எல்லாம் வழிந்தது. "உள்ள எறங்கல. பெத்த புள்ள குடிச்சா இவளுக்குச் சேரும்."

ஷாமிலா பின்வாங்கினாள். "பச்சத்தண்ணி குடிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

வாசலில் செல்லசாமி நின்றிருந்தான். "குடி தாயி. அம்மா எந்திரிச்சிருவாங்க."

சிறுமி குனிந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். "குடிக்கவாம்மா?"

வேண்டாம். வேண்டாம்டி. உயிர் முழுவதையும் கண்ணில் திரட்டினாள். கண் அசையவில்லை.

"அம்மா ஒண்ணும் சொல்லல," என்றாள் ஷாமிலா.

சொம்பை இரண்டு கைகளாலும் ஏந்தி, அம்மாவையே பார்த்தபடி, மடக் மடக்கென்று குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொம்பை நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க. அம்மா இன்னும் எந்திரிக்கல."