ஒரு புத்தகம் அதிகம்

நான் பாதி ஓய்வு பெற்ற நூலகர். திங்கள், புதன், வெள்ளி மட்டும் வேலை. மீதி நாட்களில் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். வீட்டில் இருப்பவர்கள் இதைச் "சும்மா இருக்கிறார்" என்று சொல்வார்கள்.

எனக்கு இன்னொரு பொழுதுபோக்கும் உண்டு. திரும்பி வரும் புத்தகங்களுக்குள் யாராவது மறந்து வைத்த பொருட்களைச் சேர்த்து வைப்பேன். பேருந்துச் சீட்டு, இறகு, சீப்பு. ஒருமுறை ஒரு முழுக் குடை இருந்தது. கொஞ்சம் தடிமனான புத்தகம்.

உள்ளே ஏதாவது கிடந்தால், அந்தப் புத்தகத்தை யாரோ உண்மையாகவே படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் கையால் எழுதிய கதை ஒன்றை நானே தைத்து, நானே அட்டை போட்டு, ஆசிரியர் பெயர் இல்லாமல் சிறுவர் அலமாரியில் செருகி வைத்தேன். 'மேகத்தைக் கட்டி இழுத்த கப்பல்' என்று தலைப்பு. என் மாமா வாழ்க்கையில் நடந்த உண்மைக் கதை.

அவ்வப்போது திறந்து பார்ப்பேன். உள்ளே ஒரு தலைமுடிகூட இருக்காது. புத்தகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தேதி முத்திரையை எடுத்து நானே ஒன்று குத்திவிடுவேன்.

இந்த வருடம் தலைமை நூலகராகப் புது மேடம் வந்தார். வந்ததும் புத்தகங்களை எண்ணினார். பதிவேட்டில் நாலாயிரத்து இருநூறு. அலமாரிகளில் நாலாயிரத்து இருநூற்று ஒன்று.

"மத்த நூலகத்துல புத்தகம் குறையும். இங்க எப்படி சார் கூடுது?"

"குட்டி போட்டிருக்கலாம், மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. மூன்று முறை எண்ணி, என் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதுல நம்பரே இல்லை. பழைய பேப்பரோட போட்டுடுங்க."

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், யாராவது படிக்கிறார்களா என்று அடுத்ததாகக் கேட்பார். புத்தகத்தைப் பழைய பேப்பர் மேல் வைத்தேன்.

பட்டாணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. உருவம் சிறியது என்பதால் அந்தப் பெயர். தினமும் வந்து மூலை மேஜையில் உட்காருவாள். எழுந்து வந்து என் புத்தகத்தைப் புரட்டினாள்.

"தாத்தா, பதினோரு முத்திரை இருக்கு. எல்லாமே ஒரே பக்கம் சாய்ஞ்சிருக்கு. நீங்க குத்துற மாதிரியே."

நான் மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தேன்.

அவளும் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். நேராக மேடத்திடம் போனாள்.

"மேடம், இதுக்கு நம்பர் போட என்ன செய்யணும்?"

"படிக்க ஆள் இருந்தா அன்பளிப்புன்னு எழுதி நம்பர் போடலாம். இதை யார் படிக்கப் போறாங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் என்கிட்ட கொடுங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க."

"சரி. அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட இல்லை."

அந்த வாரம் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். புதன்கிழமை மட்டும், புத்தகத்துக்குப் பதிலாக ஒருவர் கையில் முத்திரை குத்திவிட்டேன். அந்தக் கையைப் பதினைந்து நாளில் திருப்பித் தரும்படியும் சொன்னேனாம்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டாணி ஓடி வந்தாள். என் புத்தகம் உப்பிப் போயிருந்தது. பிரியாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

மேடம் பிரித்தார். ஏழாம் பக்கத்தில் ஹேர்பின். பன்னிரண்டில் பேருந்துச் சீட்டு. பத்தொன்பதில் பென்சில் சீவல். இருபத்து மூன்றில் ஒரு கணக்குத் தேர்வுத்தாள், இருபத்தைந்துக்கு மூன்று மதிப்பெண். நாற்பதில் ஒரு நீளமான நாடா.

"எல்லாம் நீயே வச்சதா?" என்று பட்டாணியின் காதில் கேட்டேன்.

"ஹேர்பின் மட்டும்தான் என்னோடது. எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு நாள் கொடுத்தேன். நல்லா இல்லைன்னா ஒளிக்காம சொல்லணும்னுதான் கொடுத்தேன்."

"பொருளை யார் வேணும்னாலும் உள்ளே வைக்கலாம்," என்றார் மேடம்.

அப்போது தையல்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"பட்டாணி, என் அளவு நாடா அதுக்குள்ள இருக்கா? நாற்பதாம் பக்கம். கடையில ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறார்."

நாடாவை வாங்கிக்கொண்டார். ஆனால் போகவில்லை.

"கயிறு அறுந்துதே, அப்புறம் அந்த மேகம் திரும்பி வந்துச்சா, இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் முந்திக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போய்ப் படிங்க. ஒரு நிமிஷம் இருங்க, நம்பர் போட்டுத் தரேன்."

பதிவேட்டைத் திறந்து நாலாயிரத்து இருநூற்று ஒன்று என்று எழுதினார். தலைப்பை எழுதினார். பிறகு என் கப்பலையும், நான் வருடக்கணக்காக எழுதிவந்த பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

'ஆசிரியர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார்.

முப்பத்தொரு வருடங்களாக அந்தக் கட்டத்தில் மற்றவர்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். என் பெயரின் முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"பேனா சரியில்லை," என்றேன்.

"ஆமா தாத்தா, பேனாதான்," என்றாள் பட்டாணி, மின்விசிறியைப் பார்த்தபடி.