பெட்டி மட்டும் போடாதே

காலையில் எழுந்ததும் முதல் வேலை, பசுமைக்குடிலின் கண்ணாடியில் உள்பக்கம் படிந்த பனியைச் சுரண்டுவது. சனிக்கோளைச் சுற்றும் டைட்டனில் குடியேறிய எல்லாருக்கும் இதுதான் விடியல். விடியல் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். வெளியே எந்நேரமும் ஆரஞ்சு மூட்டம். கீரைக்கு விளக்கைப் போட்டுவிட்டு, நிலாவிலிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு அங்கே சுரங்கத்தில் வேலை. என்னிடம் வந்துவிடுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

டைட்டனுக்கு வர நினைத்தவளே இல்லை நான். அவரைப் பிரிந்து மூன்று வருஷம் தவித்து, நிலாவுக்குப் போகத்தான் கிளம்பினேன். நிலாவுக்கு நேர் டிக்கெட் யானை விலை. நிலா வழியாக டைட்டன் போகும் டிக்கெட்டோ அதில் கால் பங்குதான். குடியேற ஆள் கிடைக்காத ஊர் என்று மீதியை அரசாங்கமே போடுகிறது. அதை வாங்கி நிலாவில் இறங்கிக்கொள், திரும்ப ஏறாதே என்று சொல்லிக்கொடுத்தவள் என் நாத்தனார் சலேத். சரக்கில் பெட்டி மட்டும் போடாதே, பெட்டி கடைசி ஊருக்குத்தான் போகும் என்றாள். மகா கெட்டிக்காரி. நானும் கைப்பையில் இரண்டு பருத்திச் சேலையோடு தூத்துக்குடி அலைநிலையத்தில் போய்ப் படுத்தேன்.

அலைப்பயணத்தில் உடம்பு போவதில்லை. கைப்பையும் சேர்த்து உடல்வரைவை எடுத்து அலையாக அனுப்பி, சேரும் ஊரில் அப்படியே ஆளாக்குவார்கள். கிளம்பிய இடத்தில் கிடந்த உடம்பு கலைந்துவிடும். அது எனக்குத் தெரியும். டிக்கெட் எந்த ஊருக்கோ அந்த ஊரில் ஆளை இறக்கியே தீரவேண்டும் என்ற சட்டம்தான் தெரியாது. நிலாவில் இறங்கியவள் திரும்ப ஏற வரவில்லை என்றதும், தூத்துக்குடியில் எடுத்து வைத்திருந்த என் வரைவை டைட்டனுக்கு அனுப்பிவிட்டார்கள், பாவிகள். தூத்துக்குடியில் கண்ணை மூடியவள் இங்கே கண்ணைத் திறந்தேன். நடுவில் நிலாவும் இல்லை, அவரும் இல்லை. பெட்டி போடக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவள், நானே பெட்டியாக வந்து சேர்ந்தேன்.

என் பேர் பிலோமி. நிலாவில் இறங்கிய பிலோமி இப்போது அவருக்குச் சோறு பொங்கிப் போடுகிறாள். அவளும் நான்தான், பொய்யில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. ஒரே ஆள் இரண்டு பேராக ஒரே ஊரில் இருக்கச் சட்டம் விடாது. அதனால் நான் அங்கே போகமுடியாது. அவர்தான் இங்கே வரவேண்டும்.

இன்று பதில் வந்திருந்தது. திரையில் முதலில் தெரிந்தது என் முகம்தான், கொஞ்சம் பூசினாற்போல.

"ஏட்டி, ரெண்டு பருத்திச் சேலதான கொண்டு போன? குளிருக்கு என்னத்தப் போர்த்துற?" என்றாள். இங்கே ஒருவரும் அதை என்னிடம் கேட்டதில்லை. கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பிறகு கஸ்பார் வந்து உட்கார்ந்தார். தாடையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"மூணு வருஷம் ஒன்ன விட்டுட்டு இருந்தது போதும். இனிமே ஒன்ன விட்டு எங்கயும் போமாட்டேன்னு, நீ வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். நீ இங்க இருக்க, பிலோமி. ஒன்ன விட்டுட்டு நான் எப்படி அங்க வருவேன்?"

இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் அந்த டிக்கெட்டையே வாங்கினேன். இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, கீரை பறிக்கப் போனேன்.